மூன்று சாவி வரும் பூட்டு

முதல் வக்கீலின் பீரோவில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இன்னும் பேசவே ஆரம்பிக்கல."

"பேச வேணாம். வா."

படிக்கட்டில் வைத்துத்தான் அவளுக்குக் காரணம் சொன்னேன். ஊரார் வீட்டு அழுகையெல்லாம் கட்டுக்கட்டாக அந்தப் பீரோவுக்குள் இருக்கிறது. அதைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்ளத் தெரியாத ஆள், உன் விஷயத்தை மட்டும் பொத்திப் பொத்தி வைப்பானா? நாற்பத்தைந்து வருஷமாகப் பூட்டு ரிப்பேர் பார்க்கிறேன். ஆளை எடைபோட எனக்குத் தெரியாது. பூட்டைப் பார்த்தால் ஆளைச் சொல்வேன்.

இரண்டாவது வக்கீலிடம் பூட்டெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் நாங்கள் உட்காருவதற்கு முன்பே, "நூறு சதவீதம் தீர்ப்பு நம்ம பக்கம்தான், கவலைய விடுங்க" என்றார்.

"அதை எழுதிக் குடுங்க" என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மகள் தலையில் அடித்துக்கொண்டு முன்னால் இறங்கிப் போய்விட்டாள்.

மூன்றாவது ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். கொண்டையில் ஒரு பேனாவைச் செருகியிருந்தார், அதை மறந்துவிட்டு மேசையெல்லாம் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். மகள்தான், "மேடம், தலையில" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்குள் அவர் பெயர் கொண்டைப் பேனா. அறை சின்னது. ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு இரும்பு பீரோ. பூட்டியிருந்தது. சாவி அவர் கழுத்தில் கிடந்த கயிற்றில் இருந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"யாருக்கு விவாகரத்து?"

"இவளுக்குத்தான்" என்றேன்.

"அப்ப இவங்க பேசட்டும். நீங்க கேளுங்க அய்யா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

என் மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். அடிக்க மாட்டான். குடிக்க மாட்டான். அதனால்தான் மகள் ஒரு பெட்டியும் பிள்ளையுமாக என் வாசலில் வந்து நின்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கை நீட்டினானா?"

"இல்ல."

"வேற எவளாவது?"

"இல்லப்பா."

"அப்புறம் என்னதான்டி உனக்குக் கேடு?"

"பேசறதில்ல."

இதற்கெல்லாமா ஒருத்தி வீட்டை விட்டு வருவாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லியும்விட்டேன். அவள் பெட்டியிலிருந்து பிள்ளையின் துணியை எடுத்து மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எட்டு மாதமாக ஒரு வார்த்தை கிடையாது. எதுவானாலும் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிடுவானாம். பால் வாங்கவும். பிள்ளையின் காது மெஷினுக்கு பேட்டரி மாற்றவும். அதே ஃப்ரிட்ஜில் இன்னொரு தாள். அதில் இவள் வேலை முடிந்து தினமும் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாள் என்று தேதி போட்டு, மணி போட்டு வரிசையாக எழுதிவைப்பானாம். இவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கடை அடைக்கப் பத்து நிமிஷம் பிந்தினால் அந்தப் பத்து நிமிஷத்துக்குக் கீழே ஒரு கோடு.

"பள்ளிக்கூடத்துல டீச்சர் கேட்டாங்களாம், வீட்ல உங்கப்பா உன்கிட்ட என்ன சொல்வாருன்னு. 'எங்கப்பா சொல்ல மாட்டாரு, எழுதுவாரு'ன்னு சொல்லியிருக்கா" என்றாள் மகள்.

சொன்னது என் பேத்தி. ஆறு வயசு. வாண்டு என்று கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் மந்தம். மெஷின் போட்டால் நன்றாகக் கேட்கும். காதின் அளவுக்கு அச்சு எடுத்து, ரப்பர் மாதிரி ஒன்று செய்து, அதை மெஷினோடு மாட்டி உள்ளே வைப்பார்கள். இரவில் கழற்றிவிட்டால் உலகமே அவளுக்கு இல்லை. நிம்மதியாகத் தூங்குவாள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

வக்கீலம்மாவிடம் மகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கடைசியில், "எனக்கு வீடு வேணாம், பொருள் வேணாம். பிள்ளை என்கிட்ட இருக்கணும். அது ஒண்ணுதான்" என்றாள்.

அதற்குமேல் என்னால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் வச்சா சீக்கிரம் முடியாதா?"

"நான் உங்க பொண்ணுக்கு வக்கீல். அவருக்கு அவர் வேற ஆள் வச்சுக்கணும். ரெண்டு பக்கமும் நானே பேசினா யாருக்காக நான் பேசறேன்?"

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா மாசக்கணக்கு. சண்டைன்னா வருஷக்கணக்கு."

"இவ முதல்ல வீட்ட விட்டு வந்துட்டா. அது தப்பாயிடுமா?"

"வந்தது தப்பில்ல. வந்த பிறகு என்ன பண்றோம்கிறதுதான் பாப்பாங்க."

"பிள்ளை தாய்கிட்டதானே இருக்கும்? சட்டம் அப்படித்தானே?"

"அப்படி ஒரு சட்டமும் இல்ல. பிள்ளைக்கு எது நல்லதுன்னு பாப்பாங்க. யாரை நம்பிப் பிள்ளைய விடலாம்னு பாப்பாங்க. நம்பறதுங்கறதுதான் முக்கியம்."

"அப்ப ஜெயிப்போமா?"

அவர் பேனாவை மறுபடியும் கொண்டையில் செருகிக்கொண்டார். "அய்யா, இதுல யாரும் ஜெயிக்கிறதில்ல. எவ்வளவு கம்மியா தோக்கறோம், அதான்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. இவரையே வைத்துக்கொள் என்று மகளிடம் ஜாடை காட்டினேன்.

பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார். என்ன வேலை, என்ன சம்பளம், பிள்ளையை யார் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது, யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு பட்டியலும் கொடுத்தார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் காது ஆஸ்பத்திரி ஃபைலும் அதில் இருந்தன. இரண்டும் மாப்பிள்ளை வீட்டு பீரோவில்.

"அவசரப்பட வேணாம். கோர்ட்ல மனு போட்டு வாங்கிக்கலாம். மூணு வாரம் ஆகும், ஆறு வாரமும் ஆகும். அதுவரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் யாரும் போகக் கூடாது. வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என் சாவிய மேசை மேல வச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள் மகள்.

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். "அய்யா பூட்டு வேலைன்னு சொன்னீங்க. உங்ககிட்ட ஏதாவது சாவி இருக்கா?"

"இல்ல" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று.

எங்கள் தொழிலில் ஒரு கட்டு உண்டு. அடுத்தவன் வீட்டுச் சாவிக்கு நகல் எடுக்கலாம், நகலை நாம் வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்க்க வெட்டிய சாவியைக்கூட அவன் கண் முன்னால் அரத்தால் ராவிப் போட்டுவிட வேண்டும். நாற்பத்தைந்து வருஷத்தில் அந்தக் கட்டை நான் மீறியது ஒரே ஒரு தரம்.

மகளும் மாப்பிள்ளையும் அந்த வீட்டுக்குக் குடிபோன அன்று வாசல் பூட்டை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நல்ல பூட்டு, நானே கதவில் பொருத்தினேன். அட்டைப் பெட்டியில் ஒட்டி வரும் சாமான் அது. ஒரு பூட்டுக்கு மூன்று சாவி. அவனுக்கு ஒன்று கொடுத்தேன், அவளுக்கு ஒன்று. மூன்றாவதை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒருத்தன் என் பெண்ணை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறான். அந்தக் கதவை வெளியிலிருந்து திறக்க எனக்கு ஒரு வழி வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். மாப்பிள்ளை அன்றைக்கு அந்தக் காலி அட்டைப் பெட்டியைக்கூட விடாமல் தூசு தட்டி எடுத்துவைத்தான். என்ன கஞ்சப் பிறவி என்று மனசுக்குள் சிரித்தேன்.

சரி, சாவி இருக்கிறது என்று வக்கீலிடம் சொன்னால்தான் என்ன? இரண்டு பக்க வக்கீலும் ஒரே கேண்டீனில் டீ குடிக்கிறவர்கள். அவர் காதில் போட்டது அந்தப் பக்கம் போக எத்தனை நேரம் ஆகும்? அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

என் கடைக்குப் பக்கத்துக் கடை தையல்காரன். அவனுக்கு இரண்டு தரம் விவாகரத்து ஆகியிருக்கிறது. அதனால் தன்னை ஒரு அரை வக்கீலாகவே நினைத்துக்கொள்வான்.

"யோவ் சாவி, மூணு வாரம்னா சொன்னாங்க?" என்றான், வாயில் ஊசியை வைத்துக்கொண்டு. "மூணு வாரத்துல அவன் ஃபைல எரிச்சுக் குளிர் காய்ஞ்சுடுவான். எனக்கு நடந்துச்சுய்யா. பேப்பர் எல்லாம் அவகிட்ட மாட்டிக்கிச்சு. பிள்ளைய எனக்கு மாசம் ரெண்டு தடவ கண்ணுல காட்டறாங்க."

"நீ குடிச்சிட்டு கோர்ட்டுக்குப் போனியாமே?"

"அது வேற. பேப்பர் கையில இருந்திருந்தா குடிச்சது பெரிசாத் தெரிஞ்சிருக்காது."

அவன் பேச்சைக் கேட்டு ஒரு பட்டன்கூட வைக்கக் கூடாது. தெரியும். இருந்தாலும் இரண்டு நாள் அது என் மண்டைக்குள் குடைந்தது. வாண்டுவின் காது மெஷின் வேறு அப்போது கீச் கீச் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அவள் தலையைத் திருப்பினால் கீச். மென்றால் கீச். பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். நிற்கவில்லை. ஃபைல் இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று ஒரு சாக்கும் கிடைத்தது.

மூன்றாம் நாள் மதியம், வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன்.

சாவி சுற்றியது. என் பூட்டு, என்னைக் கேள்வி கேட்காது. உள்ளே ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்திருந்தது. பிள்ளையின் செருப்பு ஜோடியாகச் சுவர் ஓரம். ஃப்ரிட்ஜ் மேல் அந்தத் தாள். எனக்கு எண் நன்றாகத் தெரியும், எழுத்துத்தான் தட்டித் தட்டிப் படிப்பேன். அதனால் தேதிகளைப் படித்தேன். இவள் வீட்டை விட்டு வந்த நாள் வரைக்கும் தேதிக்கு எதிரே மணி எழுதியிருந்தது. அதற்குப் பிறகும் தேதி போட்டிருந்தான். எதிரே ஒன்றும் இல்லை. தினமும் ஒரு தேதி, தினமும் ஒரு வெற்றிடம். பதினொரு நாள்.

கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றேன். பிறகு, கிறுக்குப் பயல் என்று சொல்லிக்கொண்டு பீரோவுக்குப் போனேன்.

பீரோப் பூட்டு ஒரு பூட்டே இல்லை. இரண்டு கம்பி, ஒரு நிமிஷம். நீல ஃபைலும் பிறப்புச் சான்றிதழும் மேல் தட்டிலேயே இருந்தன. எடுத்துக்கொண்டு, பீரோவைப் பூட்டி, வாசலைப் பூட்டி, கைப்பிடியைத் துணியால் துடைத்துவிட்டு வந்தேன். நான் போய்வந்ததற்கு ஒரு கீறல் கிடையாது. பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

மகளிடமும் பொய்தான் சொன்னேன். "உன் பெட்டிலதான் இருந்துச்சு. அடியில, துணிக்குக் கீழ."

"நான் எடுக்கலையேப்பா?"

"எடுத்திருப்ப. அன்னைக்கு நீ இருந்த நிலமைல உனக்கு என்ன ஞாபகம் இருக்கப்போவுது?"

அவள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "நல்லவேளை. அந்த நேரத்துலயும் எனக்குக் கொஞ்சம் புத்தி இருந்திருக்கு பாரேன்" என்றாள். எட்டு மாதத்தில் அவள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட முதல் நல்ல வார்த்தை அது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

வக்கீலம்மா ஃபைலை வாங்கி, அப்படியே முழுசாக நகல் எடுத்து வழக்குக் காகிதங்களோடு சேர்த்தார். பிறகு பிரமாணப் பத்திரம் தயார் செய்தார். சொன்னதெல்லாம் சத்தியம் என்று மகள் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டுக்குக் கொடுக்கிற காகிதம். அதை ஒவ்வொரு பத்தியாக உரக்கப் படித்தார். ஆறாவது பத்தி இப்படி இருந்தது: வெளியேறிய பிறகு நானோ என் தந்தையோ அந்த வீட்டுக்குள் செல்லவில்லை; அவ்வீட்டின் சாவி எங்களிடம் இல்லை; குழந்தையின் ஆவணங்களை நான் வெளியேறிய அன்றே எடுத்து வந்தேன்.

"அய்யா, இது சரிதானே?"

"சரிதான்."

மகள் கையெழுத்துப் போட்டாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு இறக்கை வளைந்திருந்தது.

விசாரணை அன்று குடும்பக் கோர்ட்டில் கூட்டம். ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பக்கத்துக் குடும்பம், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு அடுத்த குடும்பம். வாண்டு பள்ளிக்கூடம் போயிருந்தாள். இறுதித் தீர்ப்பு வரும்வரை பிள்ளை யாரிடம் இருப்பது என்றுதான் அன்றைக்குப் பேச்சு. நீதிபதியும் ஒரு அம்மாதான். தும்மிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை எங்களுக்கு எதிரே, இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான்.

அவன் வக்கீல் சத்தமே போடாத ஆள். மகளிடம், "அம்மா, உங்க ஆவணத்துல பதினாலாவது பக்கம் எடுங்க" என்றார். "ஆஸ்பத்திரி சீட்டு. அதுல என்ன எழுதியிருக்கு, படிங்க."

மகள் படித்தாள். "புதிய காது அச்சு அளவு எடுக்கக் குழந்தையை அழைத்துவர வேண்டிய தேதி…"

"கேட்டு வாங்கினது யாரு?"

"தந்தைன்னு போட்டிருக்கு."

"மேல முத்திரை இருக்கு பாருங்க. சீட்டு குடுத்த தேதி?"

படித்தாள். படித்துவிட்டு மறுபடியும் அதையே பார்த்தாள். எனக்கு விஷயம் புரிய அவளைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. அவள் வீட்டை விட்டு வந்து நான்காம் நாள் தேதி அது. பிள்ளை வளர்கிறாள், பழைய அச்சு சின்னதாகியிருக்கும் என்று அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு, சீட்டு வாங்கிவந்து ஃபைலுக்குள் வைத்திருக்கிறான். நான் ஃபைலை எடுத்தேன், திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தேதியைத்தான் படித்திருப்பேன். அந்தத் தேதியே போதுமாக இருந்திருக்கும்.

"நீங்க வெளியேறின அன்னைக்கே எடுத்துட்டு வந்த ஃபைலுக்குள்ள, நாலு நாள் கழிச்சு ஒரு சீட்டு எப்படிம்மா வந்துச்சு?"

மகள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பின்னால் பார்த்தாள்.

மாப்பிள்ளை துணிப்பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து அவன் வக்கீலிடம் கொடுத்தான். ஏழு வருஷத்துப் பெட்டி. ஓரம்கூட மடங்கவில்லை. நீதிபதி அதைத் திருப்பிப் பார்த்தார்.

"மூணு சாவின்னு அச்சடிச்சிருக்கு."

"ரெண்டு எங்ககிட்ட இருக்குங்க. பூட்டப் பொருத்தினது அந்தம்மாவோட அப்பா" என்றார் அந்த வக்கீல்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வெறும் கேள்வியாகப் பார்த்தாள், சின்ன வயதில் கணக்குத் தப்பாகிவிட்டதா என்று பார்ப்பாளே, அப்படி.

எழுந்தேன். மூன்றாவது சாவி என் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. வேறு எங்கே வைப்பேன்? எடுத்துக்கொண்டுபோய் மேசை மேல் வைத்தேன்.

"அம்மா, இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் போனேன், நான்தான் எடுத்தேன். இவகிட்டயும் பொய், வக்கீலம்மாகிட்டயும் பொய். என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க."

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பெரியவரே, கையெழுத்து அவங்களோடது."

அரை மணி நேரம் ஒத்திவைத்தார்கள்.

வராந்தாவில் வக்கீலம்மா என்னைச் சுவரோரம் நிறுத்திவைத்துக் கேட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"எத்தனை கேள்வி கேட்டீங்க என்கிட்ட அன்னைக்கு? நான் எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். இருக்குன்னு சொல்லியிருந்தா அந்தச் சாவிய ஒரு கவர்ல போட்டு அவங்க வக்கீலுக்கு அனுப்பியிருப்பேன். அத்தோட முடிஞ்சிருக்கும்."

"நீங்க அந்தப் பக்கம் சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

"சொல்லத்தான் கூடாது எங்களுக்கு. உங்க தொழில்ல ஏதாவது கட்டு இருக்கும்ல, அந்த மாதிரி எங்களுக்கும் ஒண்ணு இருக்கு." பிறகு, "பதினாலாம் பக்கத்த நானும் பாக்கல. அது என் தப்பு" என்றார். பெரிய வார்த்தை. இரண்டாவது வக்கீல் சொல்லியிருக்க மாட்டார்.

எதிர் வக்கீல் ஒரு தாளோடு வந்தார். சமரசம் பேச வந்திருந்தார். பொய்ப் பத்திரம் கொடுத்ததைப் பெரிதாக்க மாட்டார்கள். விவாகரத்துக்கும் மாப்பிள்ளை சம்மதம். பிள்ளை தாயிடமே இருக்கலாம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறு அப்பாவிடம். ஆனால் ஒரு நிபந்தனை. பதினைந்து நாளுக்குள் மகள் தனி வீடு பார்த்துப் போய்விட வேண்டும். பிள்ளை என்னோடு ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. என்னோடு தனியாக விடக் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து நான் கூட்டிவரக் கூடாது. பூட்டை உடைத்து வீடு புகுந்தவன் என்று தாளில் எழுதியிருந்தது.

"உடைக்கல" என்றேன். "அந்தப் பூட்ட உடைக்க முடியாது."

யாரும் சிரிக்கவில்லை.

வக்கீலம்மா மகளைப் பார்த்து, "ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. வாதாடலாம். ஆனா இன்னைக்கு நிலமைல பிள்ளை அந்தப் பக்கம் போயிடறதுக்கு வாய்ப்பு அதிகம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

மகள் யோசிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"கையெழுத்து எங்க போடணும்?" என்றாள்.

படி இறங்கும்போது மாப்பிள்ளை என் பின்னால் வந்தான். ஒரு வருஷத்தில் அவன் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

"மாமா. அந்தச் சீட்ட படிச்சிருந்தீங்கன்னா புது அச்சுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். தேதி போயிடுச்சு. இனிமே ரெண்டு மாசம் ஆகும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் கீச்சுனு கத்திக்கிட்டேதான் இருக்கும். அச்சு லூசானா அப்படித்தான் கத்தும்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே மாப்ள. ஒரு வார்த்த."

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் பைக்குள் வைத்தான். என்னைத் தாண்டிப் படி இறங்கிப் போய்விட்டான்.

பன்னிரண்டாம் நாள் மகள் வீடு மாறினாள். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, மூன்றாம் மாடி. பெட்டிகளைத் தூக்க நான் போகவில்லை. வாண்டுவும் அங்கே இருந்தாள், யாராவது பார்த்து வம்பாகிவிடும் என்று மகள் கூப்பிடவில்லை. வீடு மாறிய அவசரத்தில் வாண்டுவின் பேட்டரி டப்பா ஒன்று என் வீட்டுக் கட்டிலுக்கடியில் தங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்து அதைக் கொடுக்கிற சாக்கில், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன்.

கதவைத் திறக்குமுன் உள்ளே சங்கிலி போடும் சத்தம் கேட்டது. இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, சங்கிலியை எடுத்துத் திறந்தாள். உள்ளே கூப்பிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீ கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. மறக்கவில்லை.

"கீச் நின்னுச்சா?"

"இல்ல. பழகிட்டா. கிளாஸ்ல மத்த பிள்ளைங்கதான் சிரிக்குதுங்க."

"நான் வேணா ஆஸ்பத்திரில போயி…"

"வேணாம்ப்பா. அவர் பாத்துக்கறாரு. வாரத்துக்கு ரெண்டு தடவ போயி நிக்கறாராம், யாராவது வராம போனா அந்த இடத்துல நமக்குக் குடுப்பாங்களான்னு."

டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் மணியைப் பார்த்தாள். பிள்ளை வரும் நேரம். நான் எழுந்தேன்.

வாசலில்தான் பூட்டைப் பார்த்தேன். புதுசு. யாரோ அவசரத்தில் மாட்டியிருக்கிறான். கதவுச் சட்டத்தில் நான்கு திருகாணி போட வேண்டிய இடத்தில் இரண்டுதான் போட்டிருந்தான். பூட்டின் நாக்கு பாதிதான் உள்ளே விழுகிறது. திறக்க ஒரு அட்டை போதும், என் கையில் அரை நிமிஷம்.

"யாரு போட்டது?"

"பூட்டு வாங்கின கடையிலேருந்து ஆள் வந்தாங்க."

"சாவி எத்தனை குடுத்தான்?"

"மூணு" என்றாள். கதவின் விளிம்பில் கை வைத்திருந்தாள். "எண்ணி வாங்கிக்கிட்டேன்ப்பா."

தலையாட்டினேன். திருகாணி விஷயத்தைச் சொல்லவில்லை. படி இறங்கும்போது பின்னால் பூட்டு சுற்றுவது கேட்டது. ஒரு சுற்று. அந்த மாதிரிப் பூட்டை இரண்டு சுற்றுப் பூட்ட வேண்டும். நின்றேன். இரண்டாவது சுற்று வரும்வரை நின்றுவிட்டு இறங்கினேன்.